மூன்றாவது நோட்டு

காகிதம் எரிந்தால் நாறும் என்பது எல்லாருக்கும் தெரியும். நாற்பது பிள்ளைகளின் ஒரு வருஷத்து வீட்டுப்பாடம் மொத்தமாக எரிந்தால் எப்படி நாறும் என்பது சூளையக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அந்த வாடை அவள் தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு தடவை குளித்தாலும் போகாது. மூன்று வாரமாக அது அவளோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போய், மறுநாள் காலையில் அவளோடேயே வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

சூளையக்கா என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. பீங்கான் பட்டறையில் பதினாலு வருஷமாக மின்சாரச் சூளையைப் பார்த்துக்கொள்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பட்டறை மேடத்துடையது. மேடம் கலைஞர். மண்ணை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பது மேடம். சலிப்பது, பிசைவது, காயவைப்பது, அடுக்குவது, சுடுவது, உடைந்ததைப் பெருக்குவது எல்லாம் சூளையக்கா. "தலை என்னோடது, கை உங்களோடது" என்று மேடம் சிரித்துக்கொண்டே சொல்வார். முதுகுவலி யாருடையது என்று சூளையக்கா ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த வருஷத்துக் கண்காட்சிக்கு மேடத்தின் தலையில் உதித்தது நோட்டுப் புத்தகம். ஊரில் இரண்டு பள்ளிக்கூடங்கள். மேட்டில் ஒன்று, சாக்கடைப் பாலத்தைத் தாண்டிக் கீழே ஒன்று. மேட்டுப் பள்ளியில் நீச்சல் குளம் உண்டு. கீழ்ப் பள்ளியிலும் உண்டு, மழை பெய்தால். இரண்டு இடத்திலிருந்தும் பிள்ளைகள் எழுதி முடித்த போன வருஷத்து நோட்டுகளை நாற்பது நாற்பதாக வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் வெள்ளை மண்குழம்பைத் தூரிகையால் பூசி, காயவைத்துச் சுட வேண்டும். சூட்டில் காகிதம் எரிந்துபோகும். பக்கம் பக்கமாகப் பீங்கான் மட்டும் விரிந்து நிற்கும். இந்தச் சுவரில் நாற்பது, எதிர்ச்சுவரில் நாற்பது. நடுவில் நடந்து போகிறவர்கள் ஏழ்மையைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும். என்ன யோசிக்க வேண்டும் என்பதையும் ஒரு பலகையில் எழுதி ஒட்டிவிடுவார்கள்.

மேட்டுப் பள்ளி நோட்டுகளால் ஒரு தொந்தரவும் இல்லை. தடித்த தாள், பாதிக்கு மேல் வெறும் பக்கம். ராஜா மாதிரி சூளைக்குள் போய் ராஜா மாதிரியே வெளியே வந்தன. கீழ்ப் பள்ளி நோட்டுகள்தான் உயிரை வாங்கின. பென்சிலால் எழுதி, அழித்து, அதே இடத்தில் மறுபடி எழுதி, தாளெல்லாம் வெங்காயத் தோலாகிக் கிடந்தது. ஓரத்தையும் விடவில்லை, அட்டையின் உள்பக்கத்தையும் விடவில்லை. ஈரத் தூரிகை பட்ட உடனே சில கிழிந்தன. அதில் தப்பியவை சூளைக்குள் நொறுங்கின. மூன்று வாரம் மாரடித்ததில் நாற்பதில் தேறியது பதினொன்று.

மேடம் தேறியவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அக்கா, மேட்டுப் பள்ளியில கூடுதலா குடுத்த நோட்டு இன்னும் முப்பது இருக்குல்ல. அதையே சுட்டு, மேல கொஞ்சம் காவி தடவிட்டா?"

"கீழ்ப் பள்ளி மாதிரி இருக்குமா?"

"தூரத்துலேருந்து பாத்தா இருக்கும்."

ஏழை வேஷம் கட்டுவதற்குக்கூடப் பணக்கார நோட்டுதான் லாயக்கு போலிருக்கிறது என்று சூளையக்கா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொன்னது வேறு. "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு மேடம். கீழ்ப் பள்ளியில இன்னும் கொஞ்சம் பழைய நோட்டு வாங்கிட்டு வந்து, நான் எப்படியாவது தேத்திடறேன்." இப்படித்தான் அவள் எப்போதும் வம்பை விலைக்கு வாங்குவாள்.

அவளுக்கு ரோஷம். அவள் மகள் படிப்பது கீழ்ப் பள்ளியில். அதோடு அந்த நாற்பது நோட்டுக்கும் அட்டை போட்டவளே அவள்தான் என்று சொல்லலாம். வெள்ளைக் களிமண் வருகிற சாக்கு மூன்றடுக்குப் பழுப்புத் தாளால் ஆனது. காலிச் சாக்கை உதறி, மண் படாத உள்தாளை வெட்டி, வருஷம் தவறாமல் கீழ்ப் பள்ளிக்குக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். பள்ளி முழுக்க ஒரே நிறத்து அட்டை. அந்தத் தாளில் மை ஒட்டாது என்பதால் மேலே யாரும் பெயர் எழுத மாட்டார்கள். பெயரெல்லாம் உள்ளே, முதல் பக்கத்தில் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வினை இதிலிருந்துதான் வந்தது.

மகளுக்குப் பதினைந்து முடிந்திருந்தது. எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு, எந்தச் சட்டத்தில் என்று கேட்பதால் வக்கீலம்மா என்று பெயர். அவளுடைய அப்பா லாரியில் போனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். வந்த மனிதர் இவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "இதுக்கு லாரியே தேவலை" என்று தூங்கப் போய்விடுவார். வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லாததால் பள்ளி விட்டதும் அவள் நேராகப் பட்டறைக்கு வந்து, நோட்டுகள் அடுக்கியிருக்கும் நீள மேஜையின் ஓரத்தில் பாடம் எழுதுவாள்.

கீழ்ப் பள்ளியில் பத்தாவதோடு சரி. அதற்கு மேல் கணக்குப் படிக்க வேண்டுமானால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், ஒன்றரை மணி நேரம். இல்லையென்றால் மேட்டுப் பள்ளி. அந்தப் புண்ணியவான்கள் வருஷத்துக்கு இரண்டே இரண்டு கீழ்ப் பள்ளிப் பிள்ளைகளை இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு விதி. கீழ்ப் பள்ளி போடுகிற மார்க்கில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே நேர்முகத்துக்கு வரும்போது கணக்கு, அறிவியல், மொழி மூன்றுக்கும் அந்த வருஷத்து வகுப்பு நோட்டை அசலாகக் கொண்டுவர வேண்டும்.

வக்கீலம்மாவின் கணக்கு நோட்டு சாதாரண நோட்டு இல்லை. முன்பாதியில் கணக்கு சார் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தார். அரை வருஷத்தில் அவரை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள், பதிலுக்கு யாரும் வரவில்லை. பின்பாதி முழுக்க அவளே புத்தகத்தைப் பார்த்து, தப்பும் தவறுமாகப் போட்டு, தப்பை அடித்து, சரியாகப் போட்டு முடித்தது. "அந்தப் பின்பாதியைப் பாத்தா போதும், உன்னை உள்ள விட்டுடுவாங்க" என்று மற்ற டீச்சர்கள் சொன்னார்கள். சூளையக்கா அதை அப்படியே நம்பினாள். அவளுக்கு வேறு எதையும் நம்பித் தொலைக்க நேரமில்லை.

நேர்முகம் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய புதன்கிழமை மாலை மகள் மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, "ஏய், இந்தப் பலகையை ஒரு கை பிடி" என்று சூளையக்கா கூப்பிட்டாள். காயவைக்கிற பலகையை இருவருமாகத் தூக்கி வைத்து நிமிர்ந்தால் மணி ஆறரை. "கெளம்பு கெளம்பு, பஸ் போயிடும்" என்று விரட்டினாள். மகள் கைக்கு அகப்பட்டதைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள். கணக்கு நோட்டு மேஜையிலேயே தங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு சூளையக்கா தூரிகையை எடுத்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு ஒரு வழி புலப்பட்டிருந்தது. மண்குழம்பில் கொஞ்சம் காகிதக் கூழைக் கலந்து, நீர் குறைத்து, இரண்டு தடவையாக மெல்லப் பூசினால் தாள் கிழியாமல் தாங்கியது. மேஜை ஓரத்தில் கிடந்த நோட்டை இழுத்தாள். முதுகிலிருந்த கம்பியை நெம்பி எடுத்தாள், துருப்பிடித்துக் கறை விழும் என்பதால். நூலால் கட்டினாள். கடைசிப் பக்கத்திலிருந்து பூச ஆரம்பித்தாள். அப்படிப் பூசினால்தான் ஈரப் பக்கத்தில் கை படாது, பதினாலு வருஷப் பழக்கம். எழுத்தை அவள் படிப்பதில்லை. நாற்பது நோட்டையும் படித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா? இந்த நோட்டின் தாள் மட்டும் நன்றாகத் தாங்குகிறதே என்று அவளுக்குச் சந்தோஷம். அழிப்பான் படாத பேனா எழுத்து, அதனால்தான் தாங்கியது. மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு முதல் பக்கம் வந்தது. அதில் மகளுடைய பெயர், வகுப்பு, பாடம். சூளையக்காவின் சொந்தக் கையெழுத்து. வருஷ ஆரம்பத்தில் எல்லா நோட்டிலும் பெயர் எழுதித் தருவது அவள் வேலை, அதை மட்டும் மகளிடம் விட்டதே இல்லை.

கழுவலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கழுவினால் கூழாகிவிடும் என்று அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

நாலரை மணிக்கு மகள் மூச்சிரைக்க வந்தாள்.

"அம்மா, கணக்கு நோட்டை நேத்து இங்கயே விட்டுட்டேன் போல. பாத்தியா?"

சூளையக்கா காயவைக்கிற பலகையைக் காட்டினாள். மகள் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். வெளுத்து விறைத்து நின்றது நோட்டு.

"எத்தனை பக்கம் பூசிட்ட?"

"எல்லாம்."

"முதல் பக்கமுமா?"

"அதுல உன் பேரு இருந்துச்சு. அப்பத்தான்டி பாத்தேன்."

மகள் நிமிர்ந்தாள். "எல்லாரும் முதல் பக்கத்துலேருந்துதானம்மா ஆரம்பிப்பாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை, புரியாத ஒன்றைப் பற்றி விசாரிக்கிற குரல்.

"என்னைத் திட்டிடு. நாலு வார்த்தை நல்லா திட்டிடு."

"திட்டினா நோட்டு வருமா?"

"வராது."

"அப்ப எதுக்கு."

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். பதினைந்து வயசுப் பெண் மேஜையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதாள். சூளையக்கா மண் ஒட்டிய கையோடு அவள் தலையைத் தொடவும் முடியாமல், தொடாமல் இருக்கவும் முடியாமல் பக்கத்தில் நின்றாள். தன் கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது அவளுக்கு.

மேடம் கெட்டவர் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், கண் கலங்கிவிட்டது. "நானே பேசறேன். மேட்டுப் பள்ளி பிரின்சிபால் எனக்கு நல்ல பழக்கம். நடந்ததைச் சொன்னா புரிஞ்சுப்பாங்க" என்றார். அப்போதே போனை எடுத்துப் பேசவும் பேசினார். நாற்பது நிமிஷம் பேசினார். அதில் பாதி கண்காட்சித் திறப்பு விழாவைப் பற்றி, பிரின்சிபால்தான் தலைமை விருந்தாளி.

"புது நோட்டுல திரும்ப எழுதிடலாமா?" என்று இரவுச் சாப்பாட்டின்போது சூளையக்கா கேட்டாள்.

"சார் கையெழுத்தை யாரு போடறது? நீயா?" என்றாள் வக்கீலம்மா. தட்டை நகர்த்திவிட்டு, "அதைச் சுட்டுடும்மா" என்றாள்.

"எதை?"

"நோட்டை. பாதியில விட்டா நோட்டாவும் இல்லாம பீங்கானாவும் இல்லாம போயிடும்."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே சூளையக்கா பட்டறைக்குப் போய் நோட்டைச் சூளையில் வைத்து, மெதுவாக ஏறும்படி சூட்டைத் திருகிவிட்டு, மகளோடு மேட்டுப் பள்ளிக்குக் கிளம்பினாள். அரை நாள் லீவு. வாசலில் வாட்ச்மேன் ஒரு பெரிய ரெஜிஸ்டரைத் தள்ளினான். பெயர், வந்த நேரம், வந்த காரணம், கொண்டுவந்த பொருள், வெளியே போன நேரம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. காரணத்தில் மகள் 'நேர்முகம்' என்று எழுதினாள்.

"ஏம்மா இந்த அழுத்து அழுத்தற?" என்றான் வாட்ச்மேன். "அடுத்த தாள்லயும் விழுது பாரு."

அவள் எப்போதும் அப்படித்தான். பேனா மை தீர்ந்துபோகிற கட்டத்திலும் விடாமல் குத்திக் குத்தி எழுதிப் பழகிய கை. நல்ல பேனா கிடைத்தாலும் அதற்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது.

பிரின்சிபால் அறையில் குளிர்ச்சியாக இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். உட்காரச் சொன்னார்கள். மொழி நோட்டைப் புரட்டினார், அறிவியல் நோட்டைப் புரட்டினார், இரண்டுக்கும் தலையசைத்தார். பிறகு மேஜையில் மூன்றாவது நோட்டு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்.

"மேடம் எல்லாம் சொன்னாங்க. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு" என்றார். "ஆனா முப்பத்தி நாலு பேர் வந்திருக்காங்க. எல்லாருக்கும் ஒரே விதி. உனக்குத் தளர்த்தினா மத்தவங்களுக்கு அநியாயம் ஆயிடுமே."

"நீங்க ஒரு கணக்கு குடுங்க மிஸ்" என்றாள் மகள். "எந்தப் பாடத்துலேருந்து வேணாலும் குடுங்க. இங்கயே போட்டுக் காட்டறேன்."

"அந்த முறை இல்லம்மா."

"ஏன் இல்லை?"

சூளையக்கா மேஜைக்கடியில் மகளின் முழங்காலை அழுத்தினாள். பிரின்சிபால் சிரித்தார், நல்ல சிரிப்புதான். "கெட்டிக்காரப் பொண்ணு" என்றார். கெட்டிக்காரி என்று சொல்லி அனுப்பிவைப்பதற்குப் பதில் நாலு அறை கொடுத்து அனுப்பியிருந்தாலும் தேவலை என்று சூளையக்காவுக்குத் தோன்றியது. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே கால். இந்நேரம் சூளைக்குள் பக்கங்கள் கருகிக்கொண்டிருக்கும். தன் தலைமுடியிலிருந்து வருகிற புகை வாடை அந்த அறை முழுக்க வீசுவது போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை சூளையைத் திறந்தாள். அந்த அடுக்கில் ஒன்பது நோட்டுகள், ஆறு நொறுங்கியிருந்தன. மகளுடையது ஒரு கீறல்கூட இல்லாமல் விரிந்து நின்றது. அப்படி ஒரு நோட்டு அந்தச் சூளையிலிருந்து அதுவரை வந்ததில்லை. அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்த பிறகுதான் அவள் இன்னொன்றையும் பார்த்தாள். சாய்ந்து விழுந்த வெயிலில் பக்கமெல்லாம் கணக்கு தெரிந்தது. மை எரிந்து போய்விட்டது, பேனா கீறிய பள்ளம் போகவில்லை. மெலிதாகப் பூசிய மண் அந்தப் பள்ளத்தில் அப்படியே படிந்து வெந்திருந்தது. கூட்டல் குறி, சமக் குறி, அடித்த கோடு, அதன் கீழே சரியான விடை. கணக்கு சார் தன் கையெழுத்தையும் இரண்டு கோடாக அழுத்திப் போட்டிருந்தார். விரலால் தடவிப் படிக்கலாம். மேட்டுப் பள்ளி நோட்டு ஒன்றிலும் இப்படி ஓர் எழுத்தும் விழுந்ததில்லை. வழுக்கிக்கொண்டு ஓடும் நல்ல பேனாவை யார் அழுத்தப் போகிறார்கள்?

முதல் பக்கத்தைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. பெயர் விழவில்லை. அவள் எப்போதும் மெல்ல, பார்த்துப் பார்த்து, அழகாக எழுதுகிறவள்.

மேடம் வந்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "காவி வேண்டாம் அக்கா. இது ஒண்ணு போதும். கீழ்ப் பள்ளிச் சுவர்ல தேறினது மட்டும் இருக்கட்டும், மிச்சம் வெறும் ஆணியா இருக்கட்டும். இது நடுவுல" என்றார். அந்த மட்டில் மேடத்துக்குக் கண் இருக்கிறது, அதை மறுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை மேட்டுப் பள்ளி வாசலில் பட்டியல் ஒட்டினார்கள். இரண்டு பெயர். வக்கீலம்மா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பையை மாட்டிவிட்டு, "ரெண்டு பஸ்தான்" என்றாள்.

திறப்பு விழாவில் சூளையக்காவின் வேலை கையில் முறமும் துடைப்பமுமாகத் தூணுக்குப் பின்னால் நிற்பது. யாராவது இடித்து எதையாவது உடைத்தால் உடனே கூட்ட வேண்டும். விளக்குகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் நடுவிலிருந்த நோட்டுக்கு முன்னால் நின்றார்கள், தலையை ஆட்டினார்கள், உச்சுக்கொட்டினார்கள். பிரின்சிபால் வந்ததும் மேடம் அவரை நேராக அங்கேதான் அழைத்துப் போனார். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அனுமதி கேட்டுவிட்டு ஒரு விரலால் ஒரு பக்கத்தைத் தடவினார்.

"எவ்வளவு உழைப்பு" என்றார். "தப்பை அடிச்சுட்டு மறுபடி போட்டிருக்கு பாருங்க. யாரு இந்தக் குழந்தை?"

சூளையக்கா முறத்தைத் தூணோரம் சாய்த்துவிட்டு முன்னால் வந்தாள். தான் வரப்போவது அவளுக்கே தெரியாது.

"இதுதாம்மா அந்த மூணாவது நோட்டு" என்றாள். "நீங்க கேட்டீங்கள்ல. அசல் இதுதான். சார் கையெழுத்துகூட இருக்கு, தடவிப் பாருங்க. பின்னால பாதி அவளே போட்டது."

பிரின்சிபால் அவளைப் பார்த்தார், அடையாளம் தெரிந்துகொண்டார். அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. பொய் சொல்வானேன், அந்த அம்மாளுக்கும் மனசு இருந்தது.

"ஐயோ. அந்தப் பொண்ணோடதா இது" என்றார். "லிஸ்ட் போட்டாச்சே. அந்த ரெண்டு பிள்ளைகளும் பணம் உள்ள வீட்டுப் பிள்ளைங்க இல்லை. அதுல ஒண்ணை எடுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"எடுக்கச் சொல்லலைம்மா. மூணாவதா ஒண்ணைச் சேத்துக்கச் சொல்றேன்."

"விதியில ரெண்டுதான் இருக்கு."

சூளையக்காவுக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. வக்கீலம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பாள். அவள் வரமாட்டேன் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள். சூளையக்கா திரும்பிப் போய் முறத்தை எடுத்துக்கொண்டாள். ஒன்றும் உடையவில்லை, கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

விழா முடிவதற்குள் பிரின்சிபால் மேடத்திடம் பேசி முடித்துவிட்டார். அந்த நோட்டை மேட்டுப் பள்ளியே வாங்கிக்கொள்ளும். முன்கூடத்தில், கண்ணாடிப் பெட்டியில், எல்லாப் பிள்ளைகளும் தினமும் பார்க்கிற இடத்தில் வைக்கப்படும். "எங்க பிள்ளைங்களுக்கு இது புரியணும்" என்றாராம். மேடம் ஓடிவந்து சூளையக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர். வருகிற பணத்தில் பாதி வக்கீலம்மாவின் பஸ்ஸுக்கு என்றும் சொன்னார். சூளையக்கா சரி என்றாள். கால் கடுத்தது, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

கண்காட்சி முடிந்த மறுநாள் நோட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதைத் தூக்கத் தெரிந்தவள் சூளையக்கா ஒருத்திதான், ஒரு பக்கத்தில் விரல் பட்டாலும் போச்சு. இரண்டு பேர் வேண்டும் என்பதால் மகளையும் கூப்பிட்டாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தாள். "வர்றேன், என் நோட்டுதானே" என்று வந்துவிட்டாள்.

மேடத்தின் கார் என்பதால் வாட்ச்மேன் பெரிய கேட்டையே திறந்தான். ரெஜிஸ்டரில் மகள் எழுதினாள். இரண்டு பெயர், வந்த நேரம், மூன்றாவது வரியில், கொண்டுவந்த பொருள் என்ற கட்டத்தில் 'கணக்கு நோட்டு, ஒன்று'. முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி தயாராக இருந்தது, உள்ளேயே ஒரு சின்ன விளக்கு. சூளையக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நோட்டை உள்ளே இறக்கினாள், மகள் அடியிலிருந்த பஞ்சை உருவினாள். பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு. மகள் அதை வாய்விட்டுப் படித்தாள்.

"பெயர் அறியாத மாணவி ஒருத்தியின் கணக்கு நோட்டு."

"மேடம்தான் அப்படிப் போடச் சொன்னாங்களாம். பேர் இல்லாம இருந்தா எல்லாப் பிள்ளைங்களுக்கும் பொதுவா இருக்குமாம்" என்றாள் சூளையக்கா. பிறகு, "நான் இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கலாம்" என்றாள்.

மகள் பெட்டியைச் சுற்றி வந்து பின்பக்கத்தைப் பார்த்தாள். பின்பாதிக் கணக்குகள் விளக்கில் நன்றாகத் தெரிந்தன. வகுப்பு விடுகிற மணி அடித்தது, நல்ல ஷூ போட்ட பிள்ளைகள் இரைச்சலோடு அவர்களைத் தாண்டிப் போனார்கள். இரண்டு பேர் நின்று பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்கள்.

வாசலில் வாட்ச்மேன் ரெஜிஸ்டரை மறுபடி தள்ளினான். "வெளிய போற நேரம் போட்டுட்டுப் போங்க."

மகள் தன் பெயருக்கு நேரே நேரத்தைப் போட்டாள். அம்மாவின் பெயருக்கு நேரே போட்டாள். மூன்றாவது வரியில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நோட்டுக்கு?"

"அதுக்கு எதுக்கும்மா? அது இனிமே இங்கதான்" என்றான் அவன். "உங்க ரெண்டு பேருக்கும் போட்டா போதும்."

அவள் குனிந்து, கொண்டுவந்த பொருளுக்குப் பக்கத்தில் தன் முழுப் பெயரையும் எழுத ஆரம்பித்தாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, தாள் பின்பக்கம் புடைக்கிற மாதிரி எழுதினாள்.

"அழுத்தாதம்மா" என்றான் வாட்ச்மேன். "அன்னிக்கே சொன்னேன்ல. அடுத்த தாள்லயும் விழுது."

"விழட்டும்" என்றாள் சூளையக்கா.